கேம்பிரிட்ஜ் காருக்காகச் சென்னையில் நாலு நாள்

யாழ்ப்பாணத்தாரின் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று சென்னை விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகளுக்கு மனப்பாடம். ஒடியல், வறுத்த மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, பனங்கட்டி. என் பெட்டியிலும் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு நடுவே, கணவர் இடுப்பில் கட்டும் பழைய சாரமொன்றில் சுற்றி, தேங்காய் அளவில் ஓர் இரும்புத் துண்டும் இருந்தது. பெட்டி ஊடுகதிர் இயந்திரத்துக்குள் போனது. வெளியே வரவில்லை.

"இது என்னம்மா?"

"கார் எஞ்சினுக்குத் தண்ணி சுத்துற பம்பு."

"விக்கக் கொண்டாந்தீங்களா?"

"இல்லை, காட்டக் கொண்டுவந்தனான்."

அதிகாரி சாரத்தை அவிழ்த்தார். பழைய எண்ணெய் நாற்றம் மேசையைச் சூழ்ந்தது. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்றாமவர் மட்டும் அதைக் கையில் வாங்கி, சில்லைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். "பழைய வண்டியா? நேரா புதுப்பேட்டைக்குப் போங்கம்மா. அங்க இல்லாதது எங்கேயும் இல்ல." சென்னை போகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: சந்தேகத்துக்கு இடமான சாமானை அடியில் ஒளிக்காதீர்கள், பெட்டியின் மேலேயே வையுங்கள். வழி சொல்ல ஆள் கிடைக்கும்.

நான் நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். வீடு கொழும்புத்துறையில். கணவர் யோகன் வாழ்நாள் முழுக்க மோட்டார் மெக்கானிக். இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஜாக்கி சறுக்கிக் காலில் விழுந்ததில் கராஜை மூடவேண்டி வந்தது. அதன்பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே வேலை எங்கள் வெள்ளை ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். அது கலியாணக் கார். மாப்பிள்ளையும் பொம்பிளையும் பின் சீற்றில் இருப்பார்கள். யோகன் வெள்ளைச் சேட்டும் மடிப்புக் கலையாத காற்சட்டையும் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையைவிட மிடுக்காக முன்னால் இருப்பார். ஆவணி மாதத்துக்கு ஐந்து கலியாணங்கள் பதிந்திருந்தன. ஆடி நடுவில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால், பலாலி வீதியில் பஸ்கள் கோர்ன் அடிக்க அடிக்க, கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பம்பு உள்ளே நொறுங்கியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் அப்படியொரு பம்பு இல்லை. கொழும்பிலும் இல்லை. இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தால் வந்து சேர மாதக் கணக்காகும் என்றார்கள். இதற்குள் கொழும்பில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர் எப்படியோ கேள்விப்பட்டு யோகனோடு தொலைபேசியில் கதைத்தார். ஹோட்டல் வாசலில் அழகுக்கு நிறுத்தி வைக்க ஒரு பழைய கார் தேடுகிறாராம். "ஓடத் தேவையில்லை, நிண்டாப் போதும்" என்றாராம். யோகன், "வாற ஞாயிற்றுக்கிழமை வாங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் முழுக்கக் காரின் பக்கம் அவர் போகவில்லை. எஞ்சினுக்கு மேலேயுள்ள பொனற் திறந்தபடி கிடந்தது, மூடவும் இல்லை. அந்த மனுசன் ஒரு நாளும் பொனற்றைத் திறந்தபடி விட்டவரல்ல. காரை விற்றுவிட்டால் இவர் இருந்த கதிரையைவிட்டு எழும்பமாட்டார் என்று எனக்கு அப்போதே விளங்கியது. பயந்துபோனேன். அவருடைய கடவுச்சீட்டு காலாவதியாகிக் கிடந்தது. என்னுடையதில் மாசியில் சிதம்பரம் போக எடுத்த விசா இன்னும் உயிரோடு இருந்தது.

"நான் போய் வாங்கிக்கொண்டு வாறன்" என்றேன்.

"நீரோ? பம்புக்கும் காபரேற்றருக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் நீர்."

"தெரியத் தேவையில்லை. உடைஞ்சதைக் காட்டினா உடையாததைத் தருவினம். கடை எண்டா கடைதானே."

பலாலியில் ஏறிய விமானம், நாங்கள் பஸ்ஸில் கிளிநொச்சி போய்ச் சேரும் நேரத்துக்குள் சென்னையில் இறக்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை பின்னேரம். ஞாயிறு வரை நாள் கிடக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

வந்த வேகத்தில் சிம் காட் வாங்குங்கள். ஓட்டோ பிடிக்கும் செயலி முதல் எல்லாவற்றுக்கும் உள்ளூர் நம்பர் கேட்கும். கடவுச்சீட்டுப் பிரதியும் படமும் கையோடு இருக்கட்டும். வாங்கிய உடனே வேலை செய்யும் என்று நம்பவேண்டாம், எனக்கு மறுநாள்தான் உயிர் வந்தது. அதுவரை வாயால் வழி கேட்டேன். அதில் ஒரு குறையும் இல்லை. சென்னையில் ஒருவரிடம் வழி கேட்டால் நாலு பேர் சொல்வார்கள், நாலு திசை காட்டுவார்கள், கடைசியில் நாலு பேரும் தங்களுக்குள் சண்டை பிடிப்பார்கள். அதற்குள் நாங்களே கண்டுபிடித்துவிடலாம்.

திருவல்லிக்கேணியில் லொட்ஜ் எடுத்திருந்தேன். புதுப்பேட்டைக்குக் கிட்ட, கடலுக்கும் கிட்ட. வரவேற்பில் இருந்த பெண் சுமதி என் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "சிலோனா? துணி எடுக்க வந்தீங்களா, நகையா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டாள். எங்களவர்கள் அங்கே போவது அந்த மூன்றுக்கும்தான் போலும்.

"கார்ச் சாமான் வாங்க" என்றேன்.

சுமதி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பருத்திச் சேலை, கண்ணாடி, குடை. பிறகு மரியாதையாக அறைத் திறப்பைத் தந்தாள்.

புதன்கிழமை காலை முதற்பாடம் படித்தேன். எங்கள் ஊரில் பாதசாரிக் கடவையில் ஒரு காலை வைத்தால் பஸ்கூட நிற்கும். அந்த நம்பிக்கையோடு பெரிய வீதியொன்றின் வெள்ளைக் கோட்டில் நின்றேன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். ஒரு வாகனமும் என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. பக்கத்தில் வந்த பூக்காரி, "என்னம்மா, பஸ்ஸுக்கா நிக்கிற?" என்று கேட்டாள். கடக்கவென்று சொன்னதும் என் கையைப் பிடித்து, மற்றக் கையை வாகனங்களைப் பார்த்து நீட்டி, அவற்றை வைதுகொண்டே நடுவால் இழுத்துப் போனாள். அக்கரையில் விட்டுவிட்டு, "நின்னா நிக்க மாட்டான். நடந்தாத்தான் நிப்பான்" என்றாள். சென்னையைப் பற்றி எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த யோசனை அதுதான்.

இடியப்பம் என்று எழுதியிருந்த கடையில் காலைச் சாப்பாடு. வெள்ளை வெளேரென்று நாலு இடியப்பம், பக்கத்தில் தேங்காய்ப்பூவும் சீனியும். "தேங்காய்ப்பால் சொதி இல்லையோ?" என்று கேட்டேன். கடைக்காரர் யோசித்துவிட்டுச் சாம்பார் ஊற்றினார். இடியப்பத்துக்குச் சீனி போடுகிற ஊரில் எனக்குப் பம்பு கிடைக்குமா என்று ஒரு சந்தேகம் வந்தது. அடுத்துக் குடித்த கோப்பி அந்தச் சந்தேகத்தைத் துடைத்துவிட்டது. அந்தக் கோப்பியை ஆற்றுகிற உயரத்தையும் நுரையையும் பார்க்கவே ஒருமுறை போகலாம். பால் விடாத எங்கள் பிளேன் ரீயை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை, ஆனாலும் உண்மையை ஒளிக்கக்கூடாது.

புதுப்பேட்டை ஒரு தெருவல்ல, தெருக்களின் கூட்டம். ஒரு கடை முழுக்கக் கதவுகள். ஒரு கடை முழுக்கக் கண்ணாடிகள். ஒரு கடையில் ஸ்டியரிங்குகள் மாலை மாலையாகத் தொங்கின. நிலமெல்லாம் கறுப்பு எண்ணெய். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதற் கடையில் பம்பை வைத்தேன். கடைக்காரர் திருப்பிப் பார்த்தார்.

"எந்த வண்டி?"

"ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்."

"இது அந்த வண்டியோடது இல்லம்மா. இது ஏதோ லாரி."

இரண்டாவது கடையில் டிராக்டர் என்றார்கள். மூன்றாவதில் ஜெனரேட்டர். நாலாவது கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். மத்தியானத்துக்குள் பதினேழு கடைகள் ஏறி இறங்கிவிட்டேன். பதினேழு பேரும் கேம்பிரிட்ஜுக்கு அந்த வடிவத்தில் ஒரு பம்பைத் தாங்கள் பிறந்ததிலிருந்து காணவில்லை என்றார்கள். சைகையால் கதைத்தும் பார்த்தேன், எரிந்து விழுந்தும் பார்த்தேன். கணித ரீச்சரின் கோபத்துக்கு எங்களூரில் பெடியள் பயப்படுவார்கள். புதுப்பேட்டை பயப்படவில்லை.

பின்னேரம் மெரினாவுக்குப் போனேன். எங்கள் கொழும்புத்துறைக் கடல் சாதுவானது, அரை மைல் நடந்தாலும் முழங்கால்தான் நனையும். இது அப்படியல்ல. காலடி மண்ணை இழுக்கிற கடல். கரையோடு நில்லுங்கள், உள்ளே இறங்கவேண்டாம். சுடச்சுடச் சுண்டல் வாங்குங்கள், மாங்காய்த் துண்டும் போடச் சொல்லிக் கேளுங்கள். நானும் வாங்கினேன். சாப்பிட முடியவில்லை. யோகன் மூன்று முறை கூப்பிட்டிருந்தார். நாலாவது முறை எடுத்தேன்.

"கிடைச்சதோ?"

"நாளைக்குக் கிடைச்சிடும்."

"சரி. கிடைக்காட்டிலும் பரவாயில்லை. அலையாதையும். கோயிலையும் பாத்திட்டு வாரும்."

அந்தப் "பரவாயில்லை" எனக்குப் பிடிக்கவில்லை. காலில் ஜாக்கி விழுந்த அன்றும் அவர் அதைத்தான் சொன்னவர். கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். பலூன் சுடுகிற கடைக்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஒரு தரம் சும்மா சுடச் சொன்னார். சுட்டேன். ஆறில் நாலு பலூன் வெடித்தன.

வியாழக்கிழமை கடைகள் திறக்க நேரமிருந்தது. எழும்பூர் மியூசியத்துக்குப் போனேன். வெண்கலச் சிலைகள் இருக்கிற மண்டபத்தை மட்டும் பார்த்தாலே போதும். கால் வலிக்கமுன் அங்கே முதலில் போங்கள். நடராசருக்கு முன்னால் வடக்கத்தியத் தம்பதி ஒன்று நின்றது. கணவர் தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டிருந்தார். மனைவி ஏதோ சீறினார். காவலாளி எனக்குக் குசுகுசுவென்று தமிழில் சொன்னார்: "சாமிய எடு, ஒன் மூஞ்சிய நான் வீட்லயே பாத்துக்கறேன்னு சொல்றாங்க." அந்த அம்மாவை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

சிலைகளின் பின்புறங்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தபோது, ஒரு அம்மன் சிலையின் கைமூட்டில் பிறகு பொருத்திய தடம் தெரிந்தது. ஒட்டின இடத்தில் உலோகத்தின் நிறம் சற்று வேறு. பையைத் திறந்து பம்பை எடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பினேன். நான் பம்பைப் பற்றி ஒன்றும் அறியாதவள்தான், ஆனால் ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். பம்பின் வயிற்றைச் சுற்றி மஞ்சளாய் ஒரு மெல்லிய கோடு ஓடியது. காவலாளி ஓடிவந்து, "அம்மா, இது இங்க உள்ளதா?" என்று பதறினார். அவரைச் சமாதானப்படுத்தி வெளியே வர நேரமெடுத்தது.

ஓட்டோவுக்குள் பாய்ந்து ஏறினேன். ஓட்டோவைப் பற்றி ஒரு சொல்: ஏறமுன் கூலியைக் கதையுங்கள். ஏறினபின் கதைத்தால் அவர் வெல்வார். அன்று நான் கதைக்கவில்லை, அவர் வென்றார்.

புதுப்பேட்டையின் ஒரு சந்துக்குள் நேற்று மூடியிருந்த கடை ஒன்று இன்று திறந்திருந்தது. கடைக்காரரின் பெயர் கரீம் பாய். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி, கைகள் மட்டும் கறுப்பு. மேசையில் பம்பை வைத்து, "ஐயா, இது ஒரு பம்போ, கன பம்பைச் சேர்த்து ஒட்டினதோ எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் திருப்புளியால் அந்தக் கோட்டைச் சுரண்டினார். கண்ணாடியை மாற்றினார். மறுபடியும் சுரண்டினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "இதுல மூணு வண்டி இருக்கும்மா. ஒடம்பு ஏதோ பழைய லாரி. உள்ள சுத்தறது டிராக்டரோடது. நடுத்தண்டு பாருங்க, ஜெனரேட்டரோடத எடுத்துப் பட்டறையில கடைஞ்சது. பித்தளைய உருக்கி ஒட்டியிருக்கான். யாரு செஞ்சா இத?"

 யோகனை வீடியோவில் கூப்பிட்டேன். பம்பைக் காட்டினேன், கோட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார்.

"இஞ்சாருங்கோ, கேக்குதோ?"

"கேக்குது." பெருமூச்சு. "அது நான் செய்தது."

"என்ன?"

"அப்ப சண்டையிலை ஒரு சாமானும் யாழ்ப்பாணத்துக்குள்ளை விடாத காலமெல்லே. பற்றறியும் இல்லை, பெயரிங்கும் இல்லை. நான் நந்தாவிலிலை ஒரு பட்டடையிலை வைச்சுக் கடைஞ்சனான். பிறகு அது பாட்டுக்கு ஓடிச்சுது. நானும் மறந்துபோனன்."

முப்பது வருடமாக ஓடிய தன் கைவேலையைத் தானே கொம்பனிச் சாமான் என்று நம்பி, அதைச் சாரத்தில் சுற்றி, பெண்டாட்டியைக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார் மனுசன். எங்களூரில் அந்தக் காலத்து வாகனங்களைத் திறந்தால் எது சொந்தம் எது ஒட்டு என்று கடவுளுக்கும் தெரியாது. எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாகச் சிரிப்பு வந்தது. அதைவிடவும் பெரிதாக ஒரு பெருமை வந்தது, அதை அங்கே வைத்துச் சொல்லவில்லை.

கரீம் பாய் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டார். "அண்ணே, முப்பது வருஷம் ஓடிச்சா இது?"

"ஓம். அதுக்கும் மேலை."

"லீக் இல்லாம?"

"ஒரு சொட்டு இல்லை."

பாய் சுற்றியிருந்த கடைக்காரர்களைக் கூப்பிட்டார். நேற்று லொறி என்றவர், டிராக்டர் என்றவர், ஜெனரேட்டர் என்றவர் எல்லாரும் வந்தார்கள். பம்பு கைமாறியது. மூன்று பேரும் சொன்னது சரிதான் என்று தெரிந்ததும் மூவருக்கும் சந்தோசம். திரையில் யோகனின் முகத்தைப் பார்த்தேன். ஆடி நடுவுக்குப் பிறகு அந்த முகம் அன்றுதான் நிமிர்ந்திருந்தது. புதுப்பேட்டைக்காரர் எட்டுப் பேருக்குத் தான் எப்படிப் பித்தளை உருக்கினேன் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

பாய் விசயத்துக்கு வந்தார். "உங்க எஞ்சினும் நம்ம பழைய அம்பாசடர் பெட்ரோல் எஞ்சினும் ஒரே குடும்பம். அதோட பம்ப் ஒக்காரும். ஆனா அதுலயே நாலு தினுசு இருக்கு. எஞ்சின்ல பம்ப் மாட்டற எடத்துல ஓட்டை எங்கெங்க இருக்குன்னு தெரியணும். இந்தப் பம்ப வெச்சுச் சொல்ல முடியாது, இதுல அண்ணன் தட்டு வெச்சு மாத்தியிருக்காரு."

ஓட்டைகள் கொழும்புத்துறையில் இருந்தன. நான் புதுப்பேட்டையில் இருந்தேன்.

இந்த இடத்தில்தான் என் முறை வந்தது. "இஞ்சாருங்கோ, தட்டைக் கழட்டிப்போட்டு, எஞ்சின் முகத்திலை ஒரு வெள்ளைக் கடதாசியை வைச்சு விரலாலை அழுத்தித் தேயுங்கோ. ஓட்டை எல்லாம் பதியும். கடதாசியை மேசையிலை விரிச்சு, பக்கத்திலை கோடு கீறுற என்ரை அடிமட்டத்தை வையுங்கோ. நேர மேலையிருந்து படமெடுங்கோ. சரிஞ்செடுத்தா எனக்குக் கணக்குப் பிழைக்கும்."

"சரி ரீச்சர்" என்றார். முப்பது வருடத்தில் முதற்தடவை.

திருவல்லிக்கேணியில் எழுதுகருவிக் கடைக்குப் பஞ்சமில்லை. வரைபுத் தாளும் கவராயமும் கடின அட்டையும் வாங்கினேன். லொட்ஜ் வரவேற்பு மேசையில் இடம் பிடித்தேன். படத்தில் அடிமட்டத்தின் பத்துச் சென்ரிமீற்றர் எத்தனை வருகிறது என்று அளந்து, விகிதம் போட்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் நடுப்புள்ளி குறித்து வட்டம் கீறினேன். பிள்ளைகளுக்கு வருடாவருடம் இதையே படிப்பிக்கிறேன். "இது வாழ்க்கையிலை எதுக்கு ரீச்சர் உதவும்?" என்று வருடாவருடம் ஒரு பிள்ளை கேட்கும். இனிக் கேட்கட்டும்.

யோகன் தனியாக அளந்து எழுதி அனுப்பிய தூரத்தோடு என் வரைபடத்தை ஒப்பிட்டேன். ஓரிடத்தில் இடித்தது. அவரிடம் கேட்டேன். மறுபடி அளந்துவிட்டு, "நான்தான் பிழையாய் வாசிச்சிட்டன்" என்றார். சுமதி கத்தரிக்கோல் தந்தாள். அட்டையை வெட்டித் துளை போட்டதும், "என் தம்பிக்கு மேத்ஸ் சுத்தமா வராது, நீங்க இங்கயே இருந்துடுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அட்டையோடு போனேன். பாய் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். ஏணி வைத்துப் பரணில் ஏறினார். முதலாவது பம்பு: இரண்டு துளை பொருந்தியது, இரண்டு பொருந்தவில்லை. இரண்டாவது: கிட்டவும் வரவில்லை. அதற்குள் தொழுகை நேரமாகிவிட்டது. சந்து முழுக்க ஷட்டர்கள் இறங்கின. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் புதுப்பேட்டைக்குப் போகாதீர்கள், போனால் என்னைப்போல வெளியே நிற்கவேண்டும்.

அந்த இரண்டு மணித்தியாலத்தை மின்சார ரயிலில் கழித்தேன். மயிலாப்பூர் போய்க் கபாலீசுவரரைக் கும்பிடுவது திட்டம். பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது, அதைத் தேடி ஏறுங்கள். பூத் தொடுப்பவர்களும் கீரை ஆய்பவர்களுமாய் அது ஒரு நடமாடும் அடுக்களை. நான் கோயிலுக்குப் போனபோது நடை சாத்திவிட்டார்கள். பகலில் பூட்டுவார்கள் என்பதை யாராவது எனக்கு முன்கூட்டியே எழுதி வைத்திருக்கலாம், அதனால் நான் எழுதி வைக்கிறேன். வெளியே நின்றே கும்பிட்டேன். பக்கத்துக் கடையில் வாழையிலைச் சாப்பாடு. உறைப்பே இல்லை. கைப்பையைத் திறந்து எங்கள் மிளகாய்த்தூளை ஒரு கிள்ளு தூவினேன். எதிரே இருந்தவர் அது என்ன என்று கேட்டு ருசி பார்த்தார். அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுக்கவேண்டியதாயிற்று.

நான் திரும்பிவந்தபோது பாய் பரணில் இருந்தார். மூன்றாவது பம்பை எண்ணெய்க் கடதாசியோடு இறக்கினார். தூசி தட்டினார். என் அட்டையை அதன் முகத்தில் வைத்தார். நாலு துளைக்குள்ளாலும் நாலு துளை தெரிந்தது. ஒரு மயிரிழைகூட விலகவில்லை. பாய் நாலு திருகாணியை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டார். நாலும் விழுந்தன.

"டீச்சரம்மா," என்றார், "என் கடைல பொம்பளைங்க வந்து பம்ப் கேட்டதே இல்ல. நீங்க வரைஞ்சே கொண்டாந்துட்டீங்க."

நான் சந்தின் நடுவில் நின்று கைதட்டினேன். வெட்கமாக இல்லை. பாய் பழைய பம்பைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டார். கடையில் வைத்து எல்லாருக்கும் காட்டப்போகிறாராம். யோகனிடம் கேட்டேன். "குடும்" என்றார், குரலில் ஒரு பட்டம் வாங்கினவரின் நடுக்கம்.

சனிக்கிழமை பலாலியில் இறங்கியபோது யோகன் தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். பெட்டியை வாங்கவில்லை, பம்பைத்தான் முதலில் வாங்கினார். வீட்டுக்கு வந்து நான் சேலை மாற்றமுன் அவர் பம்பைக் காரில் பூட்டத் தொடங்கிவிட்டார். நான் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பொழுது சாயமுன் மூன்றாவது தரம் திறப்பைத் திருப்பியபோது கேம்பிரிட்ஜ் இருமியது, பிறகு சீராக உறுமியது. அரைமணித்தியாலம் ஓடவிட்டு அடியில் கையை வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை. அவர் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் சேலையெல்லாம் கிறீஸ்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்புப் பெரிய மனிதர் ரயிலில் வந்தார். யோகன் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டார். நான் பின் சீற்றில் ஏறினேன். ஸ்ரேசன் வாசலில், ஓட்டோக்காரர்கள் விலகி இடம் விட, கேம்பிரிட்ஜ் வந்து நின்றது. பெரிய மனிதர் பையோடு வெளியே வந்து எங்களைத் தேடினார். காரைக் கண்டார். யோகன் இறங்கிக் கதவைத் திறந்தார்.

"இதுதானே அது? ஓடாதுன்னு சொன்னீங்களே?"

"சொன்னனான்தான் ஐயா. ஏறுங்கோ."

ஆஸ்பத்திரி வீதியால், கோட்டையைச் சுற்றி, கடலோரமாக வீடு வரைக்கும் ஓட்டினார். இன்னும் விரைவாக வந்திருக்கலாம். வேண்டுமென்றே சுற்றினார். பெரிய மனிதர் சீற்றைத் தடவினார், கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், வீதியில் சனம் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்தார். மத்தியானம் நண்டுக் கறியோடு சாப்பாடு போட்டோம். கை கழுவிக்கொண்டே, சொன்ன விலைக்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் தருவதாகச் சொன்னார்.

"விக்கேலாது ஐயா," என்றார் யோகன். "ஆவணியிலை அஞ்சு பொம்பிளையள் காத்துக்கொண்டிருக்கினம்."

அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். திரும்பி வந்து, "என் மகளுக்குத் தையில கல்யாணம்" என்றார். "அதுக்காவது கார் கெடைக்குமா?"

யோகன் என்னைப் பார்த்தார். நாட்களைப் பதிவது என் பொறுப்பு. கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தேன்.

"கிடைக்கும்," என்றேன். "ஆனா கார் கொழும்புக்கு வராது. பிள்ளையைத்தான் நீங்கள் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வரவேணும்."

அவர் சிரித்துக்கொண்டே திகதியைச் சொன்னார். நான் எழுதினேன்.